அம்மாவோட மூளைக் கட்டி: பயாப்ஸியும் ரேடியோசர்ஜரியும் ஒரே நாள்ல பண்ணலாம்ங்கிறாங்க, சரியா வருமா?

தாமுவே_கண்ணன்:
எல்லாருக்கும் வணக்கம், யாங்கோன் தாமுவேல இருந்து எழுதுறேன். அம்மாவுக்கு 57 வயசு. போன மாசம் திடீர்னு வலது கை இழுத்துக்கிட்டு ஃபிட்ஸ் வந்துச்சு, அதுவரைக்கும் சுகர் தவிர ஒண்ணும் கிடையாது. இங்க எம்ஆர்ஐ எடுத்ததுல இடது பக்கம், கை அசைவைப் பாக்குற பகுதிக்கு ஒட்டினாப்ல 2.1 செ.மீ கட்டி ஒண்ணு, நடுவுல கருப்பா ஓரத்துல வளையமா ஸ்கேனுக்கு ஏத்தின மருந்து பிடிச்சிருக்கு, சுத்தி வீக்கம். ரிப்போர்ட்ல மெட்டாஸ்டாசிஸா (வேற இடத்துக் கேன்சர் மூளைக்குப் பரவினது) இருக்கலாம், க்ளையோமாவா (மூளையிலேயே உண்டாகற கட்டி) இருக்கலாம், டிபி கட்டியாவும் இருக்கலாம்னு மூணையும் போட்டிருக்காங்க. இங்க பாத்த ஸயா, அதான் டாக்டர், சென்னைக்குப் போயிடுங்கன்னு சொல்லிட்டார். சென்னை ஆஸ்பத்திரிக்குப் படத்தை அனுப்பினோம், அவங்க சொல்றது: அந்த இடத்துல திறந்து எடுத்தா கை போற ஆபத்து இருக்கு, அதனால தலையில ஃப்ரேம் மாட்டி காலையில ஊசி பயாப்ஸி (துண்டு திசு எடுத்துப் பாக்கறது), கையோட ரிப்போர்ட், கேன்சர்தான்னு தெரிஞ்சா ஃப்ரேமை கழட்டாமலே சாயங்காலம் ரேடியோசர்ஜரி (கட்டி மேல மட்டும் கதிரைக் குவிச்சுக் குடுக்கறது), மறுநாள் டிஸ்சார்ஜ். அண்ணன் உடனே சரிங்கிறாரு. சித்தப்பா என்னன்னா தலையில ஊசியே வேணாம், நேரா ரேடியேஷன் குடுக்கச் சொல்லுங்கறாரு. எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் பயமா இருக்கு. இதைப் பாத்தவங்க, இந்த லைன்ல வேலை செய்றவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.

டகோன்_சிவா:
கண்ணன் தம்பி, அம்மா நல்லா ஆவாங்க, தைரியமா இருங்க. என் அபிப்பிராயம் ஒரே நாள்ல முடிச்சிடுறதுதான். இங்க இருந்து கெளம்புறதே எவ்வளவு பாடுன்னு நமக்குத்தான் தெரியும், மெடிக்கல் விசா, கூட போறவங்களுக்கு அட்டெண்டன்ட் விசா, டாலர் மாத்தணும், ஃபிட்ஸ் வந்த ஆளை வச்சிக்கிட்டு ஒரு தடவை போறதே கஷ்டம், பயாப்ஸிக்கு ஒரு தடவை ட்ரீட்மென்ட்டுக்கு ஒரு தடவைன்னா குடும்பம் தாங்காது. ஃப்ரேம் ஒரு தடவை மாட்டினா போதும்ங்கறது பெரிய விஷயம். யோசிக்காம போங்க.

மோல்மீன்_செல்வி:
கண்ணன், நான் சென்னைல ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட், பூர்வீகம் மோல்மீன். நீங்க சொல்ற ஆஸ்பத்திரி எதுன்னு எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல, பொதுவா இந்த முறை என்னன்னு சொல்றேன், முடிவு உங்க டாக்டரோடது.

முதல்ல, இது ஏதோ புதுசா கண்டுபிடிச்சு உங்க அம்மா மேல டெஸ்ட் பண்றாங்கன்னு நினைக்காதீங்க. ஸ்வீடன்ல லார்ஸ் லெக்செல்ங்கற நியூரோசர்ஜன் 1949ல இந்த ஃப்ரேமை ஊசி போகறதுக்காகத்தான் செஞ்சார். 1951ல அதே ஃப்ரேம்ல ஊசிக்குப் பதிலா கதிரை அனுப்பினா என்னன்னு எழுதினார், அதுதான் ரேடியோசர்ஜரி ஆரம்பிச்ச கதை. இப்படிக் கதிரைக் குவிக்கற காமா நைஃப் மெஷின் ஸ்டாக்ஹோம்ல 1960கள் கடைசில முதல் பேஷண்ட்டைப் பாத்துச்சு. அதனால ஊசியும் கதிரும் ஒரே அளவு முறையைத்தான் பாவிக்குது. ஃப்ரேம் மாட்டினதும் தலைக்குள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் மூணு எண் கிடைக்கும், இடம் வலம், முன் பின், மேல் கீழ். லெக்செல் ஃப்ரேம்ல சரியா நடு மையம் 100, 100, 100. கட்டி 118, 96, 71ல இருக்குன்னு வைங்க, சர்ஜன் அந்த எண்ணுக்கு ஊசியை இறக்குவார், நாங்க அதே எண்ணைச் சுத்தி கதிரைக் குவிப்போம். ஒரே ஃப்ரேம்ல ரெண்டையும் பண்ணலாம்ங்கறது டெக்னிக்கலா ரொம்ப இயல்பான விஷயம்.

ஃப்ரேம் மாட்டுறது பாக்க பயமா இருக்கும், உண்மையில அம்மா முழிச்சிக்கிட்டேதான் இருப்பாங்க. நெத்தியில ரெண்டு, பின்னந்தலையில ரெண்டு, நாலு இடத்துல மரத்துப்போற ஊசி போடுவாங்க, அந்த ஊசிதான் சுருக்குனு எரியும். அப்புறம் நாலு ஸ்க்ரூவை எதிரெதிரா ஒரே நேரத்துல இறுக்குவாங்க, அப்ப தலையை யாரோ ரெண்டு கையால அழுத்திப் பிடிக்கிற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல அந்த அழுத்தம் குறைஞ்சிரும். மொட்டை போட வேண்டியதில்ல, ஊசி போற இடத்துல மட்டும் கொஞ்சம் முடி எடுப்பாங்க. சில இடத்துல பயாப்ஸிக்கு மட்டும் லேசா மயக்கம் குடுப்பாங்க.

சிரமம் ஃப்ரேம்லயோ மெஷின்லயோ இல்ல. காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல வர்ற அந்த பேத்தாலஜி ரிப்போர்ட், அதாவது திசுவை மைக்ராஸ்கோப்ல பாத்துச் சொல்றது, எவ்வளவு உறுதியானது, அதைக் கேளுங்க. சித்தப்பா சொல்றதைப் பத்தி அடுத்த பதிவுல எழுதறேன், ட்யூட்டிக்கு நேரமாச்சு.

பகோ_பாண்டி:
கண்ணன் தம்பி, உங்க சித்தப்பாட்ட என் தம்பி கதையை சொல்லுங்க. அவனுக்கும் இதே மாதிரி ஃபிட்ஸ், இதே மாதிரி வளையம், 2 செ.மீக்கு மேல. ஒரு இடத்துல படத்தைப் பாத்துட்டு கேன்சர் பரவினதுதான், பயாப்ஸி எதுக்கு, ரேடியேஷன் குடுத்திரலாம்னு சொன்னாங்க, பேர் வேணாம். எங்க அப்பா பிடிவாதமா ஊசி போட்டுப் பாத்தாத்தான் சம்மதம்னுட்டார். பாத்தா டிபி கட்டி! டியூபர்குளோமான்னு பேரு. ஒன்றரை வருஷம் மாத்திரை, இப்ப பகோல கடை நடத்துறான், ஒரு பிள்ளையும் இருக்கு. டிபி கட்டிக்கு கதிர் குடுத்து என்ன பிரயோஜனம்? கிருமி அப்படியே இருக்கும், மூளைதான் வெந்திருக்கும். நம்ம நாட்டுல டிபி இல்லாத தெரு கிடையாது, அதை மறந்துட்டு வெளிநாட்டுக்காரன் கணக்குப்படி பாக்கக் கூடாது.

இன்னொண்ணு, மாத்திரை ஆரம்பிச்ச முதல் கொஞ்ச மாசத்துல கட்டி கொஞ்சம் பெருசா தெரிஞ்சுது, நாங்க பதறிட்டோம். டிபி கட்டில அப்படி நடக்கறது உண்டு, மருந்து வேலை செய்யலன்னு அர்த்தமில்லன்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னார்.

லேப்_ரேவதி:
பாண்டி அண்ணே சொன்னது அத்தனையும் சரி. நான் யாங்கோன்ல பேத்தாலஜி லேப்ல இருக்கேன். கண்ணன் தம்பிக்கு அந்த "கையோட ரிப்போர்ட்"னா என்னன்னு விளக்கமா சொல்றேன், ஏன்னா மொத்த ப்ளானும் அது மேலதான் நிக்குது.

ஊசி ரெண்டு ரெண்டரை மில்லிமீட்டர் தடிமன்தான், பக்கவாட்டுல ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். கட்டிக்குள்ள போனதும் லேசா உறிஞ்சி உள்குழாயைத் திருப்பினா ஜன்னலுக்குள்ள வந்த சதை அறுபட்டு வரும். எங்க கைக்கு வரும்போது அது வேகவச்ச சேமியா துண்டு மாதிரி இருக்கும், ஒரு செ.மீ நீளம் இருந்தா அன்னைக்கு நல்ல நாள். அதுல ஊசி நுனி அளவுக்குக் கிள்ளி எடுத்து ரெண்டு கண்ணாடி ஸ்லைடுக்கு நடுவுல வச்சு நசுக்கி இழுத்து உடனே சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல வைப்போம். இதுக்கு ஸ்மியர்னு பேரு. அரை மணி நேரத்துக்குள்ள பேத்தாலஜிஸ்ட் ஃபோன்ல ஆபரேஷன் தியேட்டருக்கு பதில் சொல்லிடுவார்.

அந்தப் பதில்ல என்ன சொல்ல முடியும்? வந்த துண்டு கட்டியோடதா சும்மா பக்கத்து மூளையோடதான்னு சொல்லலாம். மெட்டாஸ்டாசிஸ்னா செல் கூட்டம் கூட்டமா ஒட்டிக்கிட்டு வரும், பெரும்பாலும் பளிச்சுனு தெரியும். க்ளையோமா நார் நாரா பரவி நிக்கும். சீழ் தெரியும். ஆனா செத்துப்போன திசு மட்டும் வந்துச்சுன்னா ஒண்ணும் சொல்ல முடியாது, வளையக் கட்டில நடுவுல இருந்து எடுத்தா அதுதான் வரும், அதனால ஓரத்துல இருந்து எடுக்கணும். டிபியோட அழற்சியையும் (உடம்பு எதிர்த்துக் காட்டற வீக்கம்) ட்யூமர் ஓரத்துல வர்ற அழற்சியையும் ஸ்மியர்ல மட்டும் வச்சு பிரிக்கறது பல நேரம் முடியாது. முழு ரிப்போர்ட் திசுவை பாரஃபின் மெழுகுல போட்டு, செல் எந்த வகைன்னு காட்டற இம்யூனோ சாயம் எல்லாம் போட்டு வர பல நாள் ஆகும், அதுதான் கடைசி வார்த்தை.

முக்கியமா ஒண்ணு. பயாப்ஸிக்கு முன்னாடியே சர்ஜன்கிட்ட சொல்லி வைங்க, ஒரு துண்டு ஃபார்மலின்ல (திசு கெடாம வைக்கற மருந்து) போடாம தனியா சலைன்ல (உப்புத் தண்ணி) வைக்கணும்னு, கிருமியை வளத்துப் பாக்கற டிபி கல்ச்சருக்கும் கிருமியோட மரபணுவைத் தேடற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட்டுக்கும் அதுதான் போகணும். ஃபார்மலின்ல போட்டுட்டா கிருமி செத்துரும், கல்ச்சர்ல வளர்றதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அவசரத்துல எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல போட்டு அனுப்பிட்டு அப்புறம் டிபி பாருங்கன்னு எழுதி வர்ற கேஸ் எத்தனையோ பாத்துட்டேன், மனசு அடிச்சிக்கும்.

டகோன்_சிவா:
ரேவதி அக்கா, நீங்க சொல்றது புரியுது. ஆனா முழு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருந்தா அதுக்குள்ள கட்டி வளந்துட்டா? சென்னைல ரூம் வாடகை குடுத்துக்கிட்டு எத்தனை நாள் உக்காந்திருக்கறது?

லேப்_ரேவதி:
சிவா, ரெண்டு செ.மீ கட்டி ஒரு வாரத்துல ஒண்ணும் ஆயிடாது, வீக்கத்துக்கு மருந்து குடுத்துப் பாத்துக்குவாங்க. மூளைக்குள்ள போன கதிரை ஒரு வாரம் கழிச்சு திருப்பி எடுக்க முடியாது. ரெண்டு பக்கமும் காத்திருக்கற நஷ்டம் ஒரே அளவு இல்ல. காசு கஷ்டத்தை நான் லேசா சொல்லல, எங்க வீட்லயும் பாத்திருக்கோம்.

மோல்மீன்_செல்வி:
வந்துட்டேன். சித்தப்பா கேள்விக்கு வர்றேன்.

பயாப்ஸி இல்லாமலே ரேடியோசர்ஜரி குடுக்கறது தப்பில்ல, நாங்க தினமும் பண்றோம். காது நரம்புல வர்ற கட்டி, மூளை உறைல ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கற மெனிஞ்சியோமா கட்டி, இதெல்லாம் எம்ஆர்ஐலயே அடையாளம் தெரியும். ஏற்கனவே மார்பகக் கேன்சரோ நுரையீரல் கேன்சரோ இருக்குன்னு நிரூபிச்ச ஆளுக்கு மூளையில நாலஞ்சு கட்டி வந்துட்டா அதுக்கும் யாரும் ஊசி போட மாட்டாங்க. உங்க அம்மா கேஸ் அதுல எதுவுமே இல்ல. எந்தக் கேன்சரும் இருக்கறதா இதுவரைக்கும் தெரியாது, கட்டியும் ஒண்ணே ஒண்ணு.

1990ல அமெரிக்கால பேட்செல்னு ஒரு டாக்டர் குழு வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு, எங்க துறைல எல்லாருக்கும் பாடம். ஏற்கனவே கேன்சர் உறுதியானவங்க, மூளைல ஒரே கட்டி, படத்தைப் பாத்தா மெட்டாஸ்டாசிஸ்தான், அப்படிப்பட்ட 54 பேர். எல்லாருக்கும் திசு எடுத்துப் பாத்தா 6 பேருக்கு மெட்டாஸ்டாசிஸே இல்ல! வேற ட்யூமர், சில பேருக்கு இன்ஃபெக்ஷன். 11 சதவீதம். அன்னைக்கு இருந்த ஸ்கேனை விட இன்னைக்கு ஸ்கேன் எவ்வளவோ தெளிவுதான். ஆனா அவங்களுக்கு கேன்சர் இருக்கறது தெரிஞ்சிருந்தும் அப்படி, நம்மகிட்ட அந்த ஆதாரமும் இல்லாம நேரா கதிரைக் குடுக்கச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஊர் விஷயத்துக்கு வேலூர் சிஎம்சி சொன்னதையும் சேத்துக்கலாம். ஃபிட்ஸோட வர்ற ஒற்றை வளையக் கட்டியைப் பத்தி ராஜசேகர் குழு 1993ல எழுதினாங்க, 2 செ.மீக்குக் கம்மியா ஓரம் வழவழன்னு மூளை நடுக்கோடு தள்ளாம இருந்தா நாடாப்புழு முட்டையால வர்ற கட்டி பக்கம் சாயும், 2 செ.மீக்கு மேல ஓரம் கரடுமுரடா தள்ளிக்கிட்டு இருந்தா டிபி பக்கம் சாயும்னு. அம்மாவோடது 2.1, சரியா எல்லைல நிக்குது, அளவை வச்சு எதையும் சொல்லிற முடியாது.

அளவு ஏன் முக்கியம்னா இன்னொரு விதத்துலயும் சொல்றேன். ஏற்கனவே ரேடியேஷன் வாங்கினவங்கள்ல ஆர்டிஓஜிங்கற அமெரிக்க ரேடியோதெரபி ஆய்வுக் குழு பண்ணின 90-05 ஆய்வுல இருந்துதான் ஒரே தடவைல குடுக்கற அளவு வந்துச்சு, 2 செ.மீ வரைக்கும் 24 கிரே (கிரேங்கறது கதிரோட அளவு), 2.1ல இருந்து 3 வரைக்கும் 18, 3.1ல இருந்து 4 வரைக்கும் 15. ஒரே நாள்ல இவ்வளவு இறக்கறோம். அந்தக் கட்டி மெட்டாஸ்டாசிஸா இருந்தா நல்லது. க்ளையோமால மோசமான க்ளையோபிளாஸ்டோமாவா இருந்தா பிரயோஜனம் கம்மி, அது கண்ணுக்குத் தெரியற எல்லைக்கு வெளியேயும் பரவி இருக்கும், அதுக்கு ஆறு வாரம் 30 தடவையா 60 கிரே, கூடவே டெமோசோலோமைட் மாத்திரை. லிம்ஃபோமாவா (வெள்ளணுவுல வர்ற கேன்சர்) இருந்தா முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட் கீமோ. டிபியா இருந்தா பாண்டி அண்ணன் தம்பி மாதிரி மாத்திரை. நாலும் நாலு திசை.

லிம்ஃபோமா சொன்னதும் கேக்கணும்னு நினைச்சேன், கண்ணன், அம்மாவுக்கு அங்க டெக்ஸாமெத்தசோன், அதான் வீக்கம் குறைக்கற ஸ்டீராய்டு, ஆரம்பிச்சிட்டாங்களா?

தாமுவே_கண்ணன்:
ஆமாக்கா, வீக்கத்துக்குன்னு ஃபிட்ஸ் வந்த அன்னைக்கே ஆரம்பிச்சாங்க, இப்பவும் போயிட்டு இருக்கு. ஃபிட்ஸுக்கு லெவிடிராசெட்டம். தலைவலி நல்லா குறைஞ்சிருக்கு, சுகர்தான் ஏறிருச்சு. ஏன்க்கா, அது தப்பா?

மோல்மீன்_செல்வி:
தப்பு இல்ல தம்பி, வீக்கம் இருந்தா குடுக்கத்தான் வேணும். ஆனா லிம்ஃபோமாவா இருந்தா ஸ்டீராய்டு பட்டதும் கட்டியே கரைஞ்ச மாதிரி சுருங்கிரும், அப்ப ஊசி போட்டா பயாப்ஸில ஒண்ணும் தெரியாது. அதனால சர்ஜனுக்கு என்னைக்கு ஆரம்பிச்சது எத்தனை மில்லிகிராம்னு எழுதிக் குடுங்க, போனதும் புது எம்ஆர்ஐ எடுத்து பழசோட ஒப்பிடச் சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்தினா வீக்கம் வந்து ஆபத்தாயிரும்.

அதைவிட முக்கியம், நெஞ்சு வயித்துக்கு சிடி ஸ்கேன் எடுத்தாச்சா? மூளைக்குப் பரவற கேன்சர்ல பெரும்பங்கு நுரையீரல்ல இருந்துதான் வருது. கழுத்துலயோ அக்குள்லயோ நெறிக்கட்டு, நுரையீரல்ல எட்டற மாதிரி ஒரு முடிச்சு, இப்படி ஏதாவது கிடைச்சா அங்க இருந்து திசு எடுத்துரலாம், தலையில ஊசியே வேண்டாம். மார்பகப் பரிசோதனையும் பண்ணிருங்க.

தாமுவே_கண்ணன்:
நெஞ்சு எக்ஸ்ரே மட்டும்தான் எடுத்தாங்க, நார்மல்னாங்க. நாளைக்கே சிடி எடுக்கறோம்.

கம்பை_மாமா:
மாப்ள கண்ணன், நான் கொஞ்சம் வயசானவன், தப்பா டைப் பண்ணா மன்னிச்சுக்குங்க. என் வீட்டுக்காரிக்கு இதே ஒரே நாள் முறைதான் பண்ணுச்சு, நல்லபடியா முடிஞ்சுது, அதையும் இங்க யாராவது சொல்லணும்ல. அவளுக்கு வருஷங்களுக்கு முன்னால மார்பகக் கேன்சர் வந்து ஆபரேஷன் ஆகி நல்லா இருந்தா. ரொம்ப வருஷம் கழிச்சு மூளைல ஒரே ஒரு கட்டி. அது பழைய கேன்சரா வேறயான்னு டாக்டருக்கே சந்தேகம், அதனால ரெண்டையும் சேத்துப் பண்ணாங்க. விடிகாலைல ஃப்ரேம், ஸ்கேன், பயாப்ஸி, அப்புறம் உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கான்னு ஃப்ரேமோடயே ஒரு சிடி, அப்புறம் வார்டுல உக்கார வச்சிட்டாங்க. நான் ஸ்ட்ராவுல ஹார்லிக்ஸ் குடுத்தேன், ஃப்ரேம் முன் கம்பி வாய்க்கு நேரா வந்து டம்ளர் இடிக்குது, ஸ்ட்ரா கொண்டு போங்க மறக்காம. மத்தியானம் ஒரு ஸயாமா, அதான் நர்ஸ், வந்து ரிப்போர்ட் வந்துருச்சு, மெஷினுக்குப் போறோம்னாங்க. பழைய கேன்சர்தான், தெளிவா தெரிஞ்சுதுன்னு டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், பழைய ஸ்லைடு அவங்க கையிலேயே இருந்துச்சு, அதோட வச்சுப் பாத்துட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள ஃப்ரேம் கழட்டியாச்சு. அவ இப்ப நல்லா இருக்கா, காளி கோயிலுக்கு அவளா நடந்து போயிட்டு வர்றா. சென்னைக்கு ரெண்டு தடவை அலைய விடாம காப்பாத்தினதுக்கு அந்த டாக்டரை இன்னமும் நினைச்சுக்கறேன்.

லேப்_ரேவதி:
மாமா, கேக்கவே சந்தோஷமா இருக்கு. மாமா வீட்ல அத்தைக்கு பழைய ஸ்லைடு கையில இருந்துச்சு, கேள்வி ஆமா இல்லைன்னு ஒண்ணே ஒண்ணுதான், ஸ்மியரே அதுக்குப் போதும். அப்படிப்பட்ட இடத்துல ஒரே நாள் முறை அருமையான முறை. கண்ணன் அம்மாவுக்கு மூணு நாலு பதில் இருக்கு, அதுல ரெண்டை ஸ்மியர்ல பிரிக்கறது கஷ்டம். முறை நல்லதா கெட்டதான்னு பொதுவா கேட்டா பதில் கிடையாது, யாருக்குன்னு கேக்கணும்.

தட்டோன்_மீனா:
இடையில கேக்கறேன், எங்க அப்பாவுக்கு காது நரம்புக் கட்டி, பயாப்ஸி இல்லாமலே காமா நைஃப்னாங்க, இதைப் படிச்சு பயந்துட்டேன்.

மோல்மீன்_செல்வி:
பயப்படாதீங்க மீனா, அதுக்கு பயாப்ஸி வழக்கமில்ல, மேல சொன்னேனே. அந்த இடத்துல ஊசி போடறதுதான் ஆபத்து.

கண்ணன், டாக்டர்ட்ட கேக்க வேண்டியதை சொல்றேன். ஸ்மியர் பாக்கப் போறவர் மூளைத் திசு தினமும் பாக்கற நியூரோபேத்தாலஜிஸ்ட்தானா. ஸ்மியர்ல என்ன வந்தா கதிர் குடுப்பீங்க, என்ன வந்தா குடுக்க மாட்டீங்க, அதை முன்னாடியே எங்ககிட்ட சொல்லுங்கன்னு கேளுங்க. சந்தேகம்னா ஃப்ரேமைக் கழட்டிட்டு முழு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பீங்களான்னு கேளுங்க, அதுக்குத் தயங்காம ஆமான்னு சொல்ற டாக்டர்கிட்ட நிம்மதியா அம்மாவைக் குடுக்கலாம். அப்படிக் காத்திருந்தாலும் திரும்ப ஃப்ரேம் ஸ்க்ரூ வேண்டியதில்லாம மாஸ்க் போட்டு ரேடியோசர்ஜரி குடுக்கற வசதி பல இடத்துல இருக்கு, சைபர்நைஃப், லினாக், புது காமா நைஃப் எல்லாத்துலயும் மாஸ்க் உண்டு, அதனால "ஃப்ரேம் ஒரு தடவைதான்"ங்கற காரணத்துக்காக மட்டும் அவசரப்பட வேண்டாம். சம்மதப் பத்திரத்துல ரெண்டுக்கும் ஒரே கையெழுத்து கேட்டா, ரெண்டாவதுக்கு ரிப்போர்ட் வந்த பிறகு போடறோம்னு சொல்லலாம், அது உங்க உரிமை.

பயாப்ஸில ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். ரத்தக் கசிவுதான் பெரிய பயம். கைகால் பாதிக்கற அளவுக்கு வர்றது நூத்துல சில பேருக்குத்தான், ஆனா அம்மா கட்டி கை அசைவுப் பகுதிக்குப் பக்கம், சர்ஜன் எந்த வழியா ஊசி இறக்கப் போறார்னு படத்துல காட்டச் சொல்லுங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை ஏதாவது போட்டுக்கிட்டு இருந்தா இப்பவே சொல்லிருங்க. அப்புறம் எம்ஆர்ஐ ஃபிலிம் மட்டும் கொண்டு போனா பத்தாது, டிஸ்க்ல முழுப் படமும் வேணும்.

டகோன்_சிவா:
செல்வி அக்கா, அந்த மாஸ்க் விஷயம் எனக்குத் தெரியாது, நல்ல தகவல். கண்ணன் தம்பி, சென்னைல ஆஸ்பத்திரி பக்கத்துல சமைச்சுச் சாப்பிடற மாதிரி ரூம் வாடகைக்குக் கிடைக்கும், ஹோட்டல்ல தங்காதீங்க, காத்திருக்கற நாளைக்கு அது கைகொடுக்கும். எங்க மச்சான் அங்கதான் இருக்கார், தனி மெசேஜ் பண்ணுங்க.

தாமுவே_கண்ணன்:
நெஞ்சு சிடி வந்துருச்சு. வலது நுரையீரல் மேல் பக்கம் பழைய டிபி தழும்பு மாதிரி ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல 9 மில்லிமீட்டர்ல ஒரு முடிச்சு. ரேடியாலஜிஸ்ட் பழைய தழும்பாவும் இருக்கலாம் புதுசாவும் இருக்கலாம், ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல இருக்கறதால ஊசி போடறது சுலபமில்லன்னு எழுதியிருக்கார். அம்மாவுக்கு சின்ன வயசுல டிபி வந்ததா பெரியம்மா இப்பத்தான் சொல்றாங்க, இத்தனை வருஷமா எங்களுக்குத் தெரியாது. பாண்டி அண்ணே, இப்ப வீட்ல எல்லாரும் டிபிதான், மாத்திரை போட்டுப் பாக்கலாம்ங்கறாங்க.

பகோ_பாண்டி:
தம்பி, எனக்கு அப்படி இருக்கணும்னுதான் ஆசை. ஆனா பழைய தழும்பு இருக்குங்கறதுக்காக தலையில இருக்கறதும் டிபின்னு ஆயிடாது, கேன்சர்னு நினைச்சுக் கதிர் குடுக்கறது எப்படித் தப்போ அப்படித்தான் இதுவும். அம்மாவுக்கு ஊசி போட்டுப் பாத்துருங்க. வேண்டிக்கறேன்.

தாமுவே_கண்ணன்:
கொஞ்ச நாளா எழுத முடியல, சென்னைல இருந்து எழுதறேன். எல்லாருக்கும் என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்.

டாக்டர்ட்ட செல்வி அக்கா சொன்னதை எல்லாம் கேட்டோம். கோபப்படுவார்னு அண்ணன் பயந்தார், அவர் ஒரு பேப்பர் எடுத்து எழுதியே குடுத்தார், மெட்டாஸ்டாசிஸ்னு பேத்தாலஜிஸ்ட் உறுதியா சொன்னா மட்டும்தான் அன்னைக்கு ரேடியோசர்ஜரி, வேற எது வந்தாலும் ஃப்ரேம் கழட்டிடுவோம்னு. சலைன் பாட்டில் விஷயத்தையும் ரேவதி அக்கா சொன்னபடி கேட்டேன், ஏற்கனவே தனியா எடுத்து வச்சிருந்தாங்க.

பயாப்ஸி அன்னைக்கு முதல்ல வந்த துண்டுல செத்த திசு மட்டும்தான். ஓரத்துல இருந்து திரும்ப எடுத்தாங்க, அதுல கொஞ்சம் செல் சந்தேகமா இருக்கு, ஆனா அழற்சி செல் நிறைய இருக்கு, என்னால உறுதியா சொல்ல முடியாதுன்னு பேத்தாலஜிஸ்ட் சொல்லிட்டார். சர்ஜன் வெளிய வந்து எங்ககிட்ட நேரா சொன்னார், இன்னைக்கு கதிர் இல்ல, ஃப்ரேமைக் கழட்டறேன்னு. அண்ணன் முகமே மாறிருச்சு, எனக்கு மட்டும் நெஞ்சுல இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. சிடில ரத்தக் கசிவு இல்ல, அம்மா கை நல்லா அசையுது.

அடுத்த வாரம் முழு ரிப்போர்ட் வந்துச்சு. டிபி இல்ல, ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ். அடினோகார்சினோமாங்கற கேன்சர், நுரையீரலைக் காட்டற டிடிஎஃப்-1 சாயம் பாசிட்டிவ், நுரையீரல்ல இருந்து வந்ததுன்னு. அந்த 9 மில்லிமீட்டர் முடிச்சுதான். மூளைல எடுத்த திசுலயே ஜீன் டெஸ்ட் அனுப்பி ஈஜிஎஃப்ஆர்ங்கற ஜீன்ல மாற்றம் இருக்குன்னு வந்திருக்கு, அதுக்கு ஓசிமெர்டினிப்னு மாத்திரை, மூளைக்குள்ளயும் போய் வேலை செய்யும்ங்கறாங்க. ரேடியோசர்ஜரி மாஸ்க் போட்டு நேத்து முடிஞ்சுது. அம்மா படுத்து எழுந்து வந்து இட்லி கேட்டாங்க. செய்தி நல்ல செய்தி இல்லதான், ஆனா இப்ப எதுக்கு வைத்தியம் பண்றோம்னு தெரிஞ்சு பண்றோம்.

லேப்_ரேவதி:
தம்பி, படிச்சுட்டு கண் கலங்கிருச்சு. சிகரெட்டே தொடாத நம்ம ஆசியப் பெண்களுக்கு வர்ற நுரையீரல் கேன்சர்ல அந்த ஈஜிஎஃப்ஆர் மாற்றம் நிறைய பேருக்கு இருக்கு, அதுக்கு மாத்திரை இருக்கறது பெரிய ஆறுதல். திசு இல்லாம இருந்தா அந்த டெஸ்ட்டே பண்ணியிருக்க முடியாது. மிச்சத் திசு இருக்கற பாரஃபின் பிளாக்கை கேட்டு வாங்கிக்குங்க, இல்லன்னா அவங்க எத்தனை வருஷம் வச்சிருப்பாங்கன்னு எழுதி வாங்குங்க, பின்னாடி மாத்திரை மாத்த வேண்டி வந்தா உதவும்.

கம்பை_மாமா:
மாப்ள, அம்மாவை வெயில்ல அலைய விடாதீங்க. அண்ணனைத் திட்டாதீங்க, பணத்தைத் தேடறவனுக்குத்தான் அந்தக் கவலை தெரியும்.

தாமுவே_கண்ணன்:
சரிங்க மாமா. செல்வி அக்கா, எப்ப ஊருக்குக் கெளம்பலாம், என்ன கவனிக்கணும்?

மோல்மீன்_செல்வி:
டாக்டர் விட்டா கெளம்பலாம் தம்பி. கதிர் பட்ட கட்டி உடனே மறையாது, மெதுவா சுருங்கும், அதனால ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எம்ஆர்ஐ யாங்கோன்லயே எடுத்து டிஸ்க்கை சென்னைக்கு அனுப்புங்க. மாசக்கணக்குல கழிச்சு அந்த இடத்துல வீக்கம் வந்து கட்டி வளந்த மாதிரி தெரியலாம், அது கதிரால வந்த புண்ணாவும் இருக்கலாம், ஊர்ல யாராவது பாத்துட்டு கேன்சர் திரும்ப வந்துருச்சுன்னு சொன்னா இங்க காட்டாம எந்த முடிவும் எடுக்காதீங்க. டெக்ஸாவை அவங்க எழுதிக் குடுத்த கணக்குப்படி படிப்படியா குறைங்க, அதுவரைக்கும் சுகரை தினமும் பாருங்க. லெவிடிராசெட்டம் ஒரு வேளை கூட விடக் கூடாது, ஊர்ல அந்த மாத்திரையும் ஓசிமெர்டினிப்பும் தொடர்ந்து கிடைக்குமான்னு கெளம்பறதுக்கு முன்னாடியே ஃபார்மசில ஃபோன் பண்ணிக் கேட்டுட்டு, இங்க இருந்து எவ்வளவு வாங்கிட்டுப் போகணும்னு கணக்கு போடுங்க. மாத்திரையோட ப்ரிஸ்கிரிப்ஷன் ஏர்போர்ட்ல கைப்பையில இருக்கட்டும்.